மாநிலச் சட்டங்களுக்குச் சுருக்கம் எழுதி வெளியிடுவோருக்கு

2023 ஏப்ரல் 21, வெள்ளிக்கிழமை. அன்று தமிழ்நாட்டில் சட்டம் தொடர்பாக இரண்டு நிகழ்ந்தன. இணையவழிச் சூதாட்டத்தைத் தடைசெய்யும் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதே நாளில், 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் தொழிற்சாலைகள் திருத்தச் சட்டமுன்வடிவு (மசோதா) பேரவையில் நிறைவேறியது. அடுத்த சில நாட்களுக்கு ஊர் முழுக்க ‘12 மணி நேர வேலைச் சட்டம் வந்துவிட்டது’ என்றுதான் பேச்சு. மூன்றே நாளில் அதை நிறுத்திவைப்பதாக அரசு சொன்னது. மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக முதலமைச்சர் அறிவித்தார். ஆக, அது ஒரு நாள்கூடச் சட்டமாக இருந்ததில்லை. ஆனால் ‘புதிய சட்டம்: இனி 12 மணி நேர வேலை’ என்று அந்த வாரம் அச்சடித்த துண்டறிக்கை எத்தனை சுவரில் ஒட்டப்பட்டிருக்கும்? அதைப் படித்த தொழிலாளியிடம் யார் போய் ‘அது சட்டமே இல்லை’ என்று சொல்லியிருப்பார்கள்?

சட்டச் சுருக்கம் எழுதத் தொடங்குகிறவர்கள் பொருளைத் தவறாகப் புரிந்துகொண்டுவிடுவோமோ என்றுதான் அஞ்சுகிறார்கள். வெளியே சுற்றும் தவறான சுருக்கங்களை வரிசையாக எடுத்துப் பார்த்தால் வேறு நோய் தெரியும். பொருள் ஏறக்குறைய சரியாகவே இருக்கும். அந்தச் சட்டம் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதில் பிழை இருக்கும். நிறைவேறியதை நடைமுறைக்கு வந்ததாக எழுதியிருப்பார்கள். காலாவதியானதை இன்னும் இருப்பதாக எழுதியிருப்பார்கள். அதனால் சுருக்கத்தின் முதல் வரியில் சட்டத்தின் பெயருக்குப் பக்கத்திலேயே அதன் நிலையும், அந்த நிலையைச் சரிபார்த்த நாளும் வர வேண்டும். கடைசியில் பொடி எழுத்தில் போட்டால் வாட்ஸ்அப்பில் வெட்டி அனுப்பும்போது அது முதலில் காணாமல் போகும்.

கட்டங்களை ஒருமுறை மனதில் பதித்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் 1986-ல் மேலவை நீக்கப்பட்ட பிறகு ஒரே அவைதான். சட்டமுன்வடிவு அறிமுகமாகிறது, நிறைவேறுகிறது, ஆளுநருக்குப் போகிறது. அரசியலமைப்பின் 200-ஆவது பிரிவின்கீழ் அவர் ஒப்புதல் தரலாம், ஒப்புதலை நிறுத்தி வைத்து மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பலாம், குடியரசுத் தலைவருக்காக ஒதுக்கி வைக்கலாம். ஒதுக்கி வைத்தால் 201-ஆவது பிரிவின் பாதை தொடங்குகிறது. ஒப்புதல் கிடைத்தபின் அரசிதழில் சட்ட எண்ணோடு வெளியாகிறது. அதற்கு மேலும் ஒரு படி இருக்கக்கூடும்: ‘அரசு அறிவிக்கை மூலம் குறிப்பிடும் நாளில் நடைமுறைக்கு வரும்’ என்று முதல் பிரிவிலேயே எழுதியிருந்தால், அந்த அறிவிக்கை வரும்வரை சட்டம் புத்தகத்தில் மட்டும்தான் இருக்கிறது. பிறகு விதிகள். பிறகு திருத்தங்கள், நீதிமன்றத் தீர்ப்புகள்.

இணையவழிச் சூதாட்டச் சட்டத்தையே எடுத்துக்கொண்டால் எல்லாக் கட்டமும் அதில் கிடைக்கிறது. 2021-ல் கொண்டுவந்த முந்தைய திருத்தச் சட்டத்தை அந்த ஆண்டு ஆகஸ்ட் 3-ல் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2022 அக்டோபர் தொடக்கத்தில் அவசரச் சட்டம் (பேரவை கூடாத காலத்தில் ஆளுநர் பிறப்பிப்பது) வந்தது. அக்டோபர் 17-ல் பேரவை கூடியது, 19-ல் சட்டமுன்வடிவு நிறைவேறியது. 213-ஆவது பிரிவின்படி பேரவை மீண்டும் கூடிய நாளிலிருந்து ஆறு வாரத்தில் அவசரச் சட்டம் தானாகவே செயலிழக்கும். ஒப்புதல் வராததால் நவம்பர் இறுதியோடு அது காலாவதியானது. 2023 மார்ச்சில் ஆளுநர் சட்டமுன்வடிவைத் திருப்பி அனுப்பினார். மார்ச் 23-ல் பேரவை மீண்டும் நிறைவேற்றியது, ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது, 21.04.2023 முதல் நடைமுறை. அந்த ஆண்டு நவம்பர் 9-ல் உயர் நீதிமன்றம் சட்டத்தை ஏற்றுக்கொண்டு, ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட விளையாட்டுகளாகப் பட்டியலிட்ட அட்டவணையை மட்டும் செல்லாது என்றது. டிசம்பர் 2022-ல் ஒருவர் ‘தமிழ்நாட்டில் ஆன்லைன் ரம்மிக்குத் தடை’ என்று எழுதியிருந்தால் அது தவறு. மே 2023-ல் எழுதியிருந்தால் சரி. டிசம்பர் 2023-ல் அதையே மறுபதிப்புச் செய்திருந்தால் மறுபடியும் தவறு. அதற்குப் பிறகும் இதே துறையில் 2025 பிப்ரவரியில் மாநில ஒழுங்குமுறைகளும், அவ்வாண்டு ஆகஸ்டில் நாடாளுமன்றத்தின் சட்டமும் வந்துவிட்டன. ஒரே வாக்கியம், அதைச் சரியாக்குவதும் தவறாக்குவதும் தேதிதான்.

சட்டத்தின் பெயரிலுள்ள ஆண்டை நம்பவே கூடாது. மேலே சொன்ன சட்டத்தின் பெயர் 2022 என்று முடிகிறது. எண்ணோ 2023-ஆம் ஆண்டின் 9-ஆவது சட்டம். வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்தும் தமிழ்நாட்டுச் சட்டம் 2017-ஆம் ஆண்டின் 42-ஆவது சட்டம். நடைமுறைக்கு வந்தது 22.02.2019. ஒப்பந்தத்தை எழுத்தில் போடுவதற்கு அது கொடுத்த கால அவகாசம் பின்னால் வந்த திருத்தங்களால் நீட்டப்பட்டது. முதல் பதிப்பை வைத்துச் சுருக்கம் எழுதியவர்கள் தவறான கெடுவைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

ஒப்புதல் தேதியே சிக்கலான சந்தர்ப்பமும் உண்டு. 2025 ஏப்ரல் 8-ல் உச்ச நீதிமன்றம், தமிழ்நாடு ஆளுநரிடம் தேங்கியிருந்த பத்துச் சட்டமுன்வடிவுகள், மறுபரிசீலனைக்குப் பின் அவரிடம் அனுப்பப்பட்ட 18.11.2023 அன்றே ஒப்புதல் பெற்றதாகக் கருதப்படும் என்றது. அரசிதழில் அவை வெளியானது 2025 ஏப்ரலில். அடுத்த மாதமே அவற்றில் துணைவேந்தர் நியமனம் தொடர்பான பிரிவுகளுக்கு உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. நவம்பர் 20-ல், குடியரசுத் தலைவர் கேட்ட கேள்விகளுக்குப் பதிலளித்த அரசியலமைப்பு அமர்வு, ‘கருதப்படும் ஒப்புதல்’ என்ற கருத்தையே ஏற்கவில்லை. இப்படிப்பட்ட சட்டத்துக்குச் சுருக்கம் எழுதும்போது ஒப்புதல் பெற்றதாகச் சொல்லப்படும் நாள், அரசிதழ் நாள், தடையுள்ள பிரிவுகள் என மூன்றையும் தனித்தனியே எழுதுவதைத் தவிர வேறு வழியில்லை. கட்சிச் சார்பான கருத்து எதுவும் இதில் கலக்கக் கூடாது. யார் சரி என்பது சுருக்கத்தின் வேலை இல்லை.

நிலையைக் குறிக்க நிரந்தரமான சில சொற்களை வைத்துக்கொள்ளுங்கள், மாற்றி மாற்றி எழுதாதீர்கள். ‘அறிமுகமானது’, ‘நிறைவேறியது, ஒப்புதல் இல்லை’, ‘சட்டம், இன்னும் நடைமுறைக்கு வரவில்லை’, ‘நடைமுறையில் உள்ளது’, ‘நடைமுறையில் உள்ளது, சில பிரிவுகள் தவிர’, ‘காலாவதி அல்லது நீக்கம்’. இந்த ஆறும் பெரும்பாலும் போதும். வாசகர்கள் சில மாதங்களில் இந்தச் சொற்களுக்குப் பழகிவிடுவார்கள். அந்தப் பழக்கம்தான் பெரிய சொத்து.

மூலம் எங்கிருந்து எடுப்பது? தமிழ்நாடு அரசிதழ். எழுதுபொருள் மற்றும் அச்சுத் துறை அதைப் புதன்கிழமைதோறும் வெளியிடுகிறது. அவசரமானவை சிறப்பு வெளியீடாக எந்த நாளிலும் வரும். நான்காம் பகுதியின் முதல் பிரிவில் சட்டமுன்வடிவுகள், இரண்டாம் பிரிவில் சட்டங்களும் அவசரச் சட்டங்களும். விதிகள் மூன்றாம் பகுதியில். புதிய சட்டங்கள் பெரும்பாலும் சிறப்பு வெளியீட்டில்தான் வருவதால் புதன்கிழமை இதழை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் பாதி தவறிப்போகும். சட்டப்பேரவை இணையதளத்தில் கிடைப்பது அறிமுகமான வடிவம். பேரவையில் ஏற்ற திருத்தம் அதில் சேர்ந்திருக்காது. ‘இந்தியா கோட்’ தளத்தில் மாநிலச் சட்டங்கள் திருத்தங்களோடு தொகுத்துக் கிடைக்கின்றன, தேடுவதற்கு அருமையான இடம். ஆனால் அண்மைத் திருத்தம் ஏறியிருக்கிறதா என்பதை அரசிதழோடு ஒப்பிட்டே நம்ப வேண்டும்.

பழைய சட்டம் தேடுகிறவர்கள் இன்னொன்றையும் மனதில் வைக்க வேண்டும். மாநிலத்தின் பெயர் 1969-ல் மாறியபோது சட்டங்களின் பெயரில் இருந்த ‘மதராஸ்’ என்ற சொல்லும் அந்த ஆண்டின் தழுவல் ஆணையால் ‘தமிழ்நாடு’ ஆனது. அதற்கு முந்தைய தீர்ப்புகளிலும் புத்தகங்களிலும் பழைய பெயர்தான் இருக்கும், எண்ணும் பெரும்பாலும் ரோம எழுத்தில் இருக்கும். சுருக்கத்தில் இரண்டு பெயரையும் ஒருமுறை கொடுத்துவிட்டால் தேடுகிறவருக்கு உதவியாக இருக்கும்.

இனி வாசிக்கும் முறை. முதல் பிரிவிலிருந்து கடைசிவரை வரிசையாக வாசித்துக் குறிப்பெடுப்பது நேரத்தை விழுங்கும், தவறும் கூடும். முதலில் பிரிவு 1: பெயர், எங்கெல்லாம் பொருந்தும், எப்போதிலிருந்து. அடுத்து நேராகக் கடைசிக்குப் போங்கள். நீக்கமும் காப்பும் சொல்லும் பிரிவு எந்தப் பழைய சட்டத்தை ஒழிக்கிறது, பழைய வழக்குகளை என்ன செய்கிறது என்று சொல்லும். விதிகள் வகுக்கும் அதிகாரம் சொல்லும் பிரிவு, எந்தெந்த விவரத்தைச் சட்டம் தானே சொல்லாமல் அரசுக்கு விட்டிருக்கிறது என்று காட்டும். பிறகு தண்டனைப் பிரிவு. அது எந்தெந்தப் பிரிவுகளைச் சுட்டுகிறதோ அவைதான் சட்டத்தின் பல்லுள்ள பகுதிகள். தண்டனை எதுவும் சுட்டாத கடமை என்றால், மீறினால் என்ன ஆகும் என்று வாசகர் கேட்பார். பதிலை முன்கூட்டியே யோசியுங்கள். அதன்பிறகு பொருள் வரையறைகள். ‘நிறுவனம்’, ‘பணியாளர்’, ‘கட்டடம்’ என்ற எளிய சொற்களுக்குச் சட்டம் தனிப் பொருள் வைத்திருக்கும். யார் உள்ளே, யார் வெளியே என்பதை முடிவு செய்வது அங்கேதான். நடுப்பகுதியைக் கடைசியில் படித்தால் பாதி வேகத்தில் முடியும்.

படிக்கும்போது ‘வகுத்துரைக்கப்பட்டவாறு’ என்ற சொல் வரும் இடமெல்லாம் கோடு போடுங்கள். அதற்கான விடை சட்டத்தில் இல்லை, விதிகளில் இருக்கிறது என்று பொருள். விதிகள் வரவில்லை என்றால் ‘கட்டணம் எவ்வளவு என்பதை விதிகள் சொல்ல வேண்டும், இன்றுவரை விதிகள் வெளியாகவில்லை’ என்று எழுதுங்கள். ‘வரம்புரையாக’ என்று தொடங்கும் வரிகளுக்கு இன்னொரு நிறம். விதிவிலக்குகள் அங்கேதான் ஒளிந்திருக்கும், சுருக்கும்போது முதலில் விழுவதும் அவைதான். ‘எது எவ்வாறிருப்பினும்’ என்று தொடங்கினால் அந்தப் பிரிவு மற்றவற்றை மீறி நிற்கிறது.

சட்டமுன்வடிவின் இறுதியில் ‘நோக்க காரண விளக்கவுரை’ இருக்கும். எளிய நடையில் இருப்பதால் அதையே சுருக்கமாகப் போட்டுவிடும் ஆசை வரும். செய்யாதீர்கள். அது அரசு ஏன் இந்தச் சட்டத்தைக் கொண்டுவருகிறது என்பதைச் சொல்கிறதே தவிர, பிரிவு என்ன சொல்கிறது என்பதை அல்ல.

ஓர் உதாரணத்தை அருகில் வைத்துப் பார்ப்போம். 2021 செப்டம்பரில் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-அ என்ற பிரிவைப் புகுத்தும் சட்டமுன்வடிவு வந்து, பின்னர் சட்டமானது. ஜவுளிக்கடை, நகைக்கடைப் பெண்கள் நாள் முழுக்க நின்றே வேலை பார்க்கும் கொடுமைக்கு வந்த தீர்வு. வெளியே பரவிய சுருக்கம்: ‘கடை ஊழியர்கள் இனி உட்கார்ந்து வேலை செய்யலாம்.’ பிரிவு சொல்வதோ வேறு: ஒவ்வொரு நிறுவனத்திலும் எல்லாப் பணியாளருக்கும் பொருத்தமான இருக்கை வசதி இருக்க வேண்டும், வேலைக்கு இடையில் உட்கார வாய்ப்பு அமையும்போது அவர்கள் அதைப் பயன்படுத்திக்கொண்டு, வேலை நேரம் முழுக்க நின்றுகொண்டே இருப்பதைத் தவிர்க்க வேண்டும். இதைச் சுருக்கினால் இப்படி வரலாம்:

‘கடை ஊழியர்களுக்கு இருக்கை. நிலை: நடைமுறையில் உள்ளது. சரிபார்த்த நாள்: (தேதி). சட்டம்: தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947, பிரிவு 22-அ, 2021 திருத்தத்தால் சேர்ந்தது. யாருக்குக் கடமை: கடை அல்லது நிறுவனம் நடத்துகிறவருக்கு. என்ன செய்ய வேண்டும்: எல்லாப் பணியாளருக்கும் பொருத்தமான இருக்கை வசதி வைத்திருக்க வேண்டும். எப்போது உட்காரலாம்: வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது. இந்தப் பிரிவு சொல்லாதவை: எத்தனை பேருக்கு எத்தனை நாற்காலி, எந்த வகை, ஒரு மணி நேரத்தில் எத்தனை நிமிடம்.’

கடைசி வரியைப் பாருங்கள். சட்டம் எதைச் சொல்லவில்லை என்று எழுதுவது சுருக்கத்திலேயே மிகப் பயனுள்ள வரி என்பது என் உறுதியான கருத்து. அது இல்லாவிட்டால் வாசகர் தானாக ஒன்றை நிரப்பிக்கொள்வார், முதலாளியிடம் போய் அதைச் சட்டம் என்று வாதாடுவார், தோற்பார், அதன்பிறகு உங்கள் தாளை நம்பமாட்டார். பிரிவு எண்ணை ‘22-அ’ என்று எழுதுவதா ‘22-ஏ’ என்று எழுதுவதா என்பதையும் தொடக்கத்திலேயே முடிவு செய்துவிடுங்கள். அரசின் தமிழ்ப் பாடத்தில் ‘அ’ வரும், வழக்கறிஞர்கள் பேச்சில் ‘ஏ’ வரும். இரண்டையும் கலந்தால் தேடல் உடையும்.

தண்டனையைச் சுருக்குவதில்தான் அதிகச் சேதம் நடக்கிறது. இணையவழிச் சூதாட்டச் சட்டத்தில் விளையாடுகிறவருக்கு 3 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். விளம்பரம் செய்கிறவருக்கு ஓராண்டு வரை, அல்லது 5 லட்சம் வரை, அல்லது இரண்டும். நடத்துகிறவருக்கு 3 ஆண்டு வரை, அல்லது 10 லட்சம் வரை, அல்லது இரண்டும். இது ‘விளையாடினால் 3 மாதம் ஜெயில்’ என்று சுருங்கும்போது ‘வரை’யும் போகிறது, ‘அல்லது’வும் போகிறது. மூன்று சொற்களுக்குச் சுருக்கத்தில் விலக்கே கிடையாது: ‘வரை’, ‘குறையாமல்’, ‘அல்லது’. ‘செய்தல் வேண்டும்’ என்பதும் ‘செய்யலாம்’ என்பதும் அப்படியே. அரசு ‘நியமிக்கலாம்’ என்றிருப்பதை ‘நியமிக்கும்’ என்று எழுதினால் நீங்கள் ஒரு புது உரிமையைக் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டீர்கள்.

திருத்தச் சட்டமாக இருந்தால் அதைத் தனியாக வைத்துக்கொண்டு எழுதவே முடியாது. ‘உட்பிரிவு 2-ல் முப்பது என்ற சொல்லுக்குப் பதிலாக அறுபது என்ற சொல் அமைதல் வேண்டும்’ என்ற வரியில் எதுவும் புரியாது. முதன்மைச் சட்டத்தின் அந்தப் பிரிவை ஒரு தாளில் எழுதி, பழையதை அடித்து, புதியதை மேலே எழுதுங்கள். பிறகு திருத்தப்பட்ட முழுப் பிரிவைச் சுருக்குங்கள். கையில் இருக்கும் முதன்மைச் சட்டத்தில் இடையில் வந்த திருத்தம் ஏறாமல் இருந்தால் ‘முப்பது’ என்ற சொல்லே அங்கே இருக்காது. அப்படித் தேடிய சொல் கிடைக்காமல் போவதே உங்கள் பிரதி பழையது என்பதற்கு நல்ல எச்சரிக்கை.

தமிழா ஆங்கிலமா என்ற கேள்விக்கு வருவோம். அரசியலமைப்பின் 348-ஆவது பிரிவு சட்டங்களின் ஆதாரப் பாடம் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும் என்கிறது. மாநில மொழியில் சட்டம் இயற்றினாலும் ஆளுநரின் அதிகாரத்தோடு அரசிதழில் வெளியாகும் ஆங்கில மொழிபெயர்ப்பே ஆங்கில ஆதாரப் பாடம் ஆகிறது. எனவே இரண்டு பாடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்து எழுதுங்கள். கலைச்சொல்லைத் தமிழ்ப் பாடத்திலிருந்து எடுங்கள், எல்லையை ஆங்கிலப் பாடத்தோடு சரிபாருங்கள். நீங்களே புதுச் சொல் உருவாக்காதீர்கள். அரசு ‘சட்டமுன்வடிவு’ என்று எழுதும்போது பத்திரிகை ‘மசோதா’ என்று எழுதும். முதலில் ஒருமுறை இரண்டையும் சொல்லிவிட்டு ஒன்றில் நில்லுங்கள்.

பதிப்புரிமை பற்றிப் பலர் வீணாகப் பயப்படுகிறார்கள், வேறு பலர் யோசிப்பதே இல்லை. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, அரசிதழில் வந்த அறிவிக்கை, விதி போன்றவற்றை மறுபதிப்புச் செய்ய இடம் தருகிறது. சட்டமன்றம் இயற்றிய சட்டத்தின் முழுப் பாடத்தை வெளியிட ஒரு நிபந்தனை உண்டு: அதோடு விளக்கவுரையோ உங்கள் சொந்தப் படைப்பு வேறு ஏதாவதோ சேர்ந்திருக்க வேண்டும். நீங்களே மொழிபெயர்ப்பதானால், அரசின் மொழிபெயர்ப்பு அந்த மொழியில் வெளிவந்திருக்கக் கூடாது அல்லது விற்பனைக்குக் கிடைக்காமல் இருக்க வேண்டும். கூடவே, இது அரசு அங்கீகரித்த மொழிபெயர்ப்பு அல்ல என்று கண்ணில் படும் இடத்தில் எழுத வேண்டும். சொந்த நடையில் எழுதிய சுருக்கம் உங்களுடையதே. வேறு ஒருவர் எழுதிய சுருக்கத்தை எடுத்துப் போடுவது மட்டும் அப்பட்டமான திருட்டு. அரசு முத்திரை, கோபுரச் சின்னம் எதையும் தாளில் வைக்காதீர்கள். அதைப் பார்க்கிறவர் அரசு ஆவணம் என்றே நினைப்பார்.

எழுத்துரு விஷயத்துக்கு நேரம் ஒதுக்குங்கள். பழைய அரசிதழ்களின் தமிழ்ப் பக்கங்கள் ஒன்று படமாக இருக்கும், இல்லாவிட்டால் பழைய குறியாக்கத்தில் இருக்கும். நகலெடுத்து ஒட்டினால் குப்பையாக வரும். படத்தை எழுத்தாக்கும் மென்பொருள் தமிழைப் பரவாயில்லாமல் படிக்கிறது. ஆனால் ‘ர’ என்ற எழுத்தையும் துணைக்காலையும் மாற்றிப்போடும், ‘ள’வை ஔகாரக் குறியோடு குழப்பும், எண்களில் 1, 7 இரண்டையும் ஒன்றாக்கும். எழுத்துப் பிழை கண்ணில் படும். 10-ஐ 70 ஆக்கிய பிழை கண்ணில் படாது. அதனால் சுருக்கத்தில் வரும் ஒவ்வோர் எண்ணையும் மூலப் படத்தைப் பார்த்துக் கையால் தட்டச்சு செய்யுங்கள், நகலெடுக்க வேண்டாம்.

சரிபார்க்க இரண்டு பேர் தேவை. ஒருவர் அரசிதழ்ப் பாடத்தை வாய்விட்டுப் படிக்க, மற்றவர் சுருக்கத்தில் விரல் வைத்துத் தொடர வேண்டும். எண், தேதி, பிரிவு எண், மேலே சொன்ன மூன்று சொற்கள், விதிவிலக்குகள் ஆகியவற்றை மட்டும் பார்த்தால் போதும். எழுதியவரே படித்துப் பார்ப்பது சரிபார்ப்பு ஆகாது. அவர் மனதில் இருப்பதைத்தான் படிப்பார். சட்டம் தெரியாத ஒருவரிடமும் கொடுத்து, ‘இது உங்களுக்குப் பொருந்துமா, எப்போதிலிருந்து?’ என்று கேளுங்கள். பதில் சொல்லத் திணறினால் திரும்ப எழுத வேண்டியதுதான்.

அச்சுக்குப் போகும்போது ஒரு சிறிய திருத்தச் சட்டத்துக்கு 250 முதல் 300 சொல் போதும். ஏ4 தாளில் 12 புள்ளி எழுத்தில் ஒரு பக்கத்தில் அடங்கிவிடும். முழுப் புதுச் சட்டம் என்றால் ஏ4 தாளை நடுவில் மடித்து நான்கு பக்கமாக்கலாம். அதற்கு மேல் போனால் மக்கள் படிப்பதில்லை. அச்சகத்தில் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளை வைத்திருந்தால் யூனிகோடை வேறு குறியாக்கத்துக்கு மாற்றுவார்கள். அப்போது கொம்பும் காலும் பிரிந்து ‘கொ’ என்பது உடைந்து வரும், கிரந்த எழுத்துகள் மாயமாகும். எழுத்துரு பொதிந்த பி.டி.எஃப். கொடுத்து அதையே அச்சிடச் சொல்லுங்கள், முதல் தாளை வாங்கி வரிவரியாகப் பாருங்கள். குறிப்பிட்ட கால இடைவெளியில் பொதுச் செய்தியோ அதைப் பற்றிய கருத்தோ தாங்கி வரும் அச்சு வெளியீடு என்றால், 01.03.2024 முதல் நடைமுறையில் உள்ள பத்திரிகை மற்றும் பருவ இதழ்கள் பதிவுச் சட்டம் பொருந்தும். மாத இதழாக்க நினைப்பவர்கள் முதலில் பதிவு பற்றி யோசிக்க வேண்டும்.

விநியோகத்தில் வாட்ஸ்அப்பைத் தவிர்க்க முடியாது, ஆனால் அதன் எல்லை தெரிந்திருக்க வேண்டும். பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேர்தான், அதிலும் உங்கள் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே போகும். குழுவில் 1,024 பேர். முன்னனுப்பும்போது ஒரு தடவைக்கு ஐந்து உரையாடல்கள். படமாக அனுப்பினால் வேகமாகப் பரவும். ஆனால் தேட முடியாது, பார்வையற்றவர்களின் திரை வாசிப்பான் படிக்காது, திருத்தவும் முடியாது. எழுத்தாகவே அனுப்பி, முழுப் பக்கத்தின் இணைப்பைக் கீழே வையுங்கள். படம் அவசியம் என்றால் நிலை, சரிபார்த்த நாள் இரண்டையும் வெட்ட முடியாதபடி தலைப்பின் நடுவிலேயே பதியுங்கள்.

கைபேசி எட்டாத இடங்களில்தான் தாளின் வேலை. கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஊராட்சி, நிலம், வாடகை தொடர்பான சுருக்கத்தை அதற்குப் பத்து நாள் முன்பே கொண்டுசேர்த்தால் விவாதத்துக்கு வரும். அன்று காலையில் கொடுத்தால் உட்கார விரித்துக்கொள்வார்கள். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் சட்டத் தன்னார்வலர்கள், நூலகர்கள், இ-சேவை மையத்தில் இருப்பவர்கள், வணிகர் சங்கங்கள், தொழிற்சங்கக் கிளைகள் ஆகியோர் ஒரு தாளைப் பத்துப் பேருக்கு விளக்கக்கூடியவர்கள். எல்லாச் சுருக்கத்தையும் எல்லோருக்கும் அனுப்பாதீர்கள். வாடகைச் சட்டம் போக வேண்டிய இடம் வேறு, கடைச் சட்டம் போக வேண்டிய இடம் வேறு. சம்பந்தமில்லாமல் நாலு தடவை வந்தால் ஐந்தாவதைப் பிரிக்கமாட்டார்கள்.

யாருக்கு எந்தப் பதிப்பு எத்தனை பிரதி போனது, சுவரில் ஒட்டியது யார், எங்கே என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். கோப்பின் பெயரிலேயே சட்ட எண், பதிப்பு எண், தேதி மூன்றும் இருக்கட்டும். சட்டம் மாறினாலோ நீங்கள் தவறு செய்திருந்தாலோ, பழைய பக்கத்தை அழிக்காமல் அதன் தலையில் ‘இது இப்போது பொருந்தாது’ என்று தேதியோடு எழுதி, புதிய பதிப்புக்கு இணைப்புக் கொடுங்கள். அழித்துவிட்டால் பழைய இணைப்பை வைத்திருப்பவருக்கு வெற்றுப் பக்கம்தான் வரும். தன் கையில் இருக்கும் நகல் தவறு என்று அவருக்குத் தெரியவே தெரியாது. திருத்தக் குறிப்பு நாலு வரிக்குள் இருக்க வேண்டும்: எந்தச் சுருக்கம், எந்த வரி, என்ன மாற்றம், எந்தத் தேதியிலிருந்து. அதை நோட்டில் உள்ள ஒவ்வொரு பெயருக்கும், முதல் பிரதி போன அதே வழியில் அனுப்புங்கள். சுவரில் ஒட்டியிருந்தால் ஆள் போய்க் கிழித்துவிட்டு வர வேண்டும். ஒட்டியவர் பெயரையும் இடத்தையும் நோட்டில் எழுதச் சொன்னது அதற்காகத்தான். நடைமுறையில் உள்ள சட்டங்களின் நிலையை மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பேரவை நடக்கும் மாதங்களிலும் அவசரச் சட்டம் ஓடிக்கொண்டிருக்கும் ஆறு வாரங்களிலும் வாரம் ஒருமுறை, மறுபடி பார்த்துத் தேதியைப் புதுப்பியுங்கள். எதுவும் மாறியிருக்காவிட்டாலும் தேதியை மாற்றுங்கள்.